தண்ணி லாரிப் படம்

வில்லாரிக்கா ஊர்க்காரர்களுக்கு எதிலும் ஒத்துப்போகிற வழக்கம் கிடையாது. மழை பெய்தால் பாதி ஊர் நல்ல மழை என்னும், மீதி ஊர் இதெல்லாம் ஒரு தூறலா என்னும். அப்பேர்ப்பட்ட ஊரில் சில்வானோ ஓவெலாரைப் பற்றி மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நல்ல மனுஷன், யார் வம்புக்கும் போகாதவர், ஆனால் சோம்பேறி.

எழுபத்தெட்டு வயதில் காலை ஆறு மணிக்கெல்லாம் சினிமாக் கொட்டகை வாசலில் மர உரலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறவரைச் சோம்பேறி என்றால் நியாயமா? புதினா, குதிரைவால், எலுமிச்சைப் புல் என்று பச்சிலைக் கட்டுகளைச் சுற்றிலும் அடுக்கிக்கொண்டு, வருகிறவருக்கு என்ன கோளாறோ அதற்கேற்ப இடித்துக் கொடுப்பார். பித்தத்துக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, முந்தின ராத்திரி குடித்த கரும்புச் சாராயத்துக்கு ஒன்று. ஊர் முழுக்க அந்தத் தழையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுத்தான் தெரெரே குடித்தது. இருந்தாலும் ஊர் சொன்னதற்குக் காரணம் உண்டு. வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து தெரெரே குடிக்கும்போது சில்வானோ ஜாடியைத் தொடமாட்டார். கொம்புக் குவளையில் யெர்பா இலையை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவராகக் கொடுத்து வாங்குவது ஒரு ஆள் வேலை. எல்லாரும் முறை போட்டுக்கொண்டு செய்வார்கள். இவர் முறை வந்தால் மட்டும் கை வலிக்குது, தோள் பிடிச்சிருக்கு என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார். காலையிலிருந்து உலக்கை பிடித்த கை ஒரு ஜாடியைத் தூக்க வலிக்குமா என்று ஊர் சிரித்தது.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தெரெரே வட்டத்தின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உறிஞ்சி முடித்துக் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. ‘கிராஸியாஸ்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அது நன்றி சொல்கிற வார்த்தைதான். கடையில் சொல்லலாம், கோயிலில் சொல்லலாம், கல்யாண வீட்டில் சொல்லலாம். இந்த வட்டத்தில் மட்டும் அதற்கு ‘எனக்குப் போதும், இனி என்னை விட்டுவிடு’ என்று பொருள். அடுத்த சுற்றில் குவளை உங்களைத் தாண்டிப் போய்விடும். எங்கள் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிக்கொள்ளும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனாலேயே, தெரியாத ஒருவன் இருப்பான் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

1932 செப்டம்பரில் சில்வானோவுக்கு வயது பதினெட்டு. பொலிவியாக்காரர்களோடு சண்டை. சாக்கோவின் முள்காட்டில், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணலில், ஒன்பது பேர் கொண்ட அணி ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தண்ணி லாரி வந்தால்தான் உயிர். ஒரே ஒரு தகர டப்பாவில் தண்ணீர் இருந்தது. சார்ஜெண்ட் அதைச் சில்வானோவிடம் கொடுத்தார், ஏனென்றால் ஊற்றுவது இளையவன் வேலை. காலையில் மூன்று சுற்று, சாயங்காலம் மூன்று சுற்று, ஆளுக்கு ஒரு வாய். இலையும் கிடையாது, உறிஞ்சு குழலும் கிடையாது, கொம்புக் குவளையில் வெறும் தண்ணீர்.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் ரென்ஸோ ஸனோத்தி. கல்லறைக் கற்கள் செதுக்கும் இத்தாலியக் கொத்தனாரின் மகன். ஜெனோவாவிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. யாரும் கூப்பிடாமலே போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்திருந்தான், இந்த ஊரில் இனி நம்மை யாரும் அந்நியன் என்று சொல்லக் கூடாது என்று. முள்செடியில் இடித்துக்கொண்டால் செடியிடம் மன்னிப்புக் கேட்கிற பிள்ளை. முதல் சுற்றில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, ‘கிராஸியாஸ்’ என்றான்.

சில்வானோ அடுத்த சுற்றில் அவனைத் தாண்டிப் போனார். அதற்கடுத்த சுற்றிலும். சாயங்காலமும் அப்படியே, முதல் சுற்றில் ஒரு வாய், கிராஸியாஸ், மீதி இரண்டு சுற்றும் இல்லை. மறுநாளும் அப்படியே. சார்ஜெண்ட் மற்றவர்களைப் பார்த்து, “பாருங்கடா, கப்பல்ல வந்த பையனுக்கு இருக்கற கட்டுப்பாடு உங்க ஒருத்தனுக்காவது இருக்கா?” என்றார். ரென்ஸோ எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பான். கண் மட்டும் குவளை போன வழியெல்லாம் போனது. சில்வானோ அந்தக் கண்ணைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் டப்பா காலி. நாலாம் நாள் மத்தியானம் லாரி வந்தது. ரென்ஸோ அன்று காலையிலேயே போய்விட்டிருந்தான்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியதும், ரென்ஸோவின் சீப்பைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனார். ரென்ஸோவின் அம்மா அவரைப் பிள்ளையைப் போல மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். ரொட்டி கை மாறியது, கிராஸியாஸ். உப்பு கை மாறியது, கிராஸியாஸ். தண்ணீர்க் கூஜா கை மாறியது, கிராஸியாஸ். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ரென்ஸோவின் தங்கை ஓஃபெலியா, சீப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றாள். “என்ன சொல்லணும்?” என்றாள் அம்மா. “கிராஸியாஸ்” என்றாள் பெண்.

சில்வானோவுக்கு அந்த மேசையில்தான் புரிந்தது.

“கஷ்டப்பட்டானா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. குண்டு பட்டுச்சு. ஒரு நொடிதான்.”

இதுதான் சில்வானோ சொன்ன பொய். அதன் பிறகு அவர் யாருக்கும் எதையும் ஊற்றவில்லை. கல்யாணம் செய்துகொண்டார், மனைவி போனாள், மகன் அர்ஜென்டினாவுக்குப் போனான். பொய் மட்டும் எங்கேயும் போகாமல் அவரோடேயே இருந்தது.

அந்தப் பெண்தான் பிறகு ஓஃபெலியா டீச்சர் ஆனாள். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், எழுபத்திரண்டு வயதிலும் தெருவில் போகிறவனை நிறுத்திச் சட்டைப் பித்தானைப் போடச் சொல்கிறவள். தினமும் காலை எட்டு மணிக்குச் சில்வானோவிடம் ஒரு கட்டு புதினா வாங்குவாள், சாப்பாட்டுக்குப் பின் வெந்நீரில் போட்டுக் குடிக்க. “ரென்ஸோவைப் பார்த்த ஆளு நீங்க ஒருத்தர்தான் மிச்சம்” என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். சில்வானோ தழையை இரண்டு மடங்காக வைத்துக் கட்டிக் கொடுப்பார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆயிரம் தடவை வாயெடுத்திருக்கிறார். சொன்னால் அந்த எட்டு மணி வருகை நின்றுபோகும். அவருக்கென்று ஒரு நாளில் மிச்சமிருந்தது அந்த ஒரு வருகைதான், அதைக் கையால் தள்ளிவிட மனசு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. சண்டை நடந்து அறுபது வருஷம் ஆனதற்காக, செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக் காட்சி. படத்தின் பெயர் ஒன்றரை வரி நீளம். யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. தண்ணி லாரிப் படம் என்றே பெயராகிவிட்டது. கொட்டகைக்காரி பெர்னார்தா, பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு இலவசம் என்று அறிவித்தாள். வாசலிலேயே கடை போட்டிருக்கிற சில்வானோ எப்படி வராமலிருப்பது? இருட்டில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம் என்று போனார்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பதக்கம் குத்திய ஐந்து கிழவர்கள். சீப்பா ரொட்டி மெல்லும் சத்தம், பிள்ளைகள் வாயாலேயே துப்பாக்கி சுடும் சத்தம். விளக்கணைந்தது. திரையில் மணல். மறுபடியும் மணல். ஒருவன் காலி டப்பாவைக் கீழே வைத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் சில்வானோ நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே ஒரு சொட்டு இருந்தாலும் அந்தச் சத்தம் வராது.

அரை மணி நேரம் போனது, ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு எறும்பு ஒரு பூட்ஸின் மேல் ஏறி இறங்கியது. அது இறங்கும் வரை காமிரா நகரவில்லை. “எறும்பு ஜெயிச்சிடுச்சு!” என்று யாரோ கத்த, கைதட்டல். முகம் தெரியாத ஒரு குரல் திரையிலிருந்து மெதுவாகக் கேட்டது, தாகம் யாருடையது, மணலுடையதா, மனிதனுடையதா என்று.

“பெர்னார்தாவோடது! சோடா விக்கறதுக்குன்னே எடுத்த படம்யா இது!” என்றான் பின்வரிசையிலிருந்து குதிரைவண்டிக்கார லிபோரியோ. கொட்டகை ஆடிப்போனது.

“வாயை மூடு லிபோரியோ, படம் பாக்கறவங்க இருக்காங்க” என்று மருந்துக்கடை அமான்ஸியோ அதட்டினார்.

“படம் எங்க ஓடுது? ஃபோட்டோ மாதிரில்ல மாட்டி வெச்சிருக்கு!”

முன்வரிசைக் கிழவர்களில் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். “நாம ஜெயிச்ச சண்டைடா இது! எங்கடா ஜெயிச்சோம் இதுல? ஒருத்தனும் ஓடல, ஒருத்தனும் சுடல, உக்காந்துட்டே இருக்கானுங்க!” என்று திரையைப் பார்த்தே திட்டிவிட்டு வெளியேறினார். பின்னாலேயே இரண்டு பதக்கங்கள் போயின. நாலாவது கிழவர் அழுதுகொண்டிருந்தார். ஐந்தாமவர் குறட்டை விட்டார்.

அப்போது திரையில் ஒரு குவளை சுற்றி வந்தது. மண் படிந்த கைகள், ஒரு வாய், அடுத்த வாய். வெளியூர்ப் பையன் ஒருவன் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்து, தலையைத் தாழ்த்தி, “கிராஸியாஸ்” என்றான்.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. “போச்சுடா!” “முட்டாப்பய, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டான்!” திரையில் குவளை அவனைத் தாண்டிப் போனது. மறுபடியும் தாண்டிப் போனது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் முறை தாண்டிப் போனபோது பாதிப் பேர் சிரிக்கவில்லை, மீதிப் பேர் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சில்வானோவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. யாரோ தன் மண்டைக்குள் புகுந்து திருடிக்கொண்டு போய்ச் சுவரில் காட்டுகிறார்கள் என்றே நினைத்தார். இரண்டு வரிசைக்கு முன்னால் ஓஃபெலியா டீச்சரின் நரைத்த கொண்டை தெரிந்தது. அது அசையவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை வடகாற்று வேறு வீசியது. அது வீசினால் எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியே பேசிக்கொள்ளமாட்டார்கள். உரலைச் சுற்றிக் கூட்டம் கூடி, காலையிலிருந்தே சண்டை.

“ரெண்டே முக்கால் மணி நேரம்! என் குதிரை இதைவிட வேகமா யோசிக்கும்” என்றான் லிபோரியோ.

“உனக்கு வெடி வெடிச்சாத்தான் போர். போர்னா காத்திருக்கறதுய்யா. அதைத்தான் அந்த மனுஷன் எடுத்திருக்கான்” என்றார் அமான்ஸியோ.

“காத்திருக்கறதுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்? பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்தா சும்மாவே காத்திருக்கலாமே!”

“அந்தப் பையன் தன் பங்குத் தண்ணியை விட்டுக்குடுத்தான் பாரு, அது ஒண்ணு போதும். எப்பேர்ப்பட்ட தியாகம்!”

“தியாகமாவது! சட்டம் தெரியாத மடையன். வாய்த் துடுக்கால செத்தான்.”

எட்டு மணிக்கு டீச்சர் வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அங்கே நின்றவர்கள் முக்கால்வாசிப் பேர் அவளிடம் பிரம்படி வாங்கியவர்கள். லிபோரியோ சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டான்.

“நீங்க சொல்லுங்க டீச்சர். அவன் தியாகியா, மடையனா?” என்றார் அமான்ஸியோ.

“ரெண்டும் இல்ல. அவங்கம்மா நல்லா வளர்த்த பிள்ளை” என்றாள் டீச்சர். “எங்க வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி வாங்கிட்டு கிராஸியாஸ் சொல்லலைன்னா அறை விழும். எங்க ரென்ஸோ அந்த இடத்துல இருந்திருந்தா அவனும் இதையேதான் சொல்லியிருப்பான். நல்ல வேளை, அவனுக்குக் குண்டு பட்டுச்சு.” பிறகு சில்வானோவைப் பார்த்தாள். “நீங்க அங்க இருந்தவர். அப்படி யாருக்காவது நடந்திருக்குமா?”

சில்வானோவின் உலக்கை நின்றுவிட்டது. கூட்டம் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது.

“தெரியாது டீச்சர்” என்றார்.

அவள் புதினாவை வாங்கிக்கொண்டு போனாள். அவள் முனை திரும்புகிற வரைக்கும் சில்வானோ பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல வேளை குண்டு பட்டுச்சு. அறுபது வருஷப் பொய்க்கு அவள் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். இதற்கு மேல் ஒரு மனுஷனால் எத்தனை நாள் தாங்க முடியும்? உலக்கையைப் போட்டுவிட்டு எழுந்தார். “கராய், ஐயா, என் சூட்டு மருந்து?” என்று யாரோ கேட்டது காதில் விழவில்லை. வேகமாக நடக்கிற வயதா அது? இருந்தாலும் நடந்தார். சர்ச்சுக்கு எதிர்ப்புறம் அவளைப் பிடித்துவிட்டார்.

“டீச்சர். ரென்ஸோ குண்டு பட்டுச் சாகல.”

அவள் நின்றாள். சில்வானோ நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். டப்பா, குவளை, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தது, சார்ஜெண்ட் சொன்னது, கண். “ஊத்தினவன் நான்தான்” என்று முடித்தார்.

“எத்தனை தடவை?” என்றாள் டீச்சர்.

“என்னது?”

“எத்தனை தடவை அவனைத் தாண்டிப் போனே?”

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. அது சரிதான் என்று சில்வானோவுக்குப் பட்டது.

“எட்டுத் தடவை.” யோசிக்காமலே சொன்னார். அறுபது வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது.

“எங்கம்மா சாகற வரைக்கும் ராத்திரி படுக்கும்போது அந்தக் குண்டுக்கு நன்றி சொன்னா, தெரியுமா? ‘கஷ்டப்படாம போனான் எம்புள்ளை, ஒரு நொடி’ன்னு. நானும் அந்த ஒரு நொடியை நம்பித்தான் இத்தனை வருஷம் தூங்கினேன். தினம் வந்து உங்கிட்ட புதினா வாங்கினேனே. தினம் என் மூஞ்சியைப் பார்த்தியே!”

“பார்த்தேன் டீச்சர்.”

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

“நீங்க வராமப் போயிடுவீங்கன்னு.”

அது உண்மை, ஆனால் வெளியே வந்ததும் எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று சில்வானோவுக்கே கேட்டது. டீச்சர் புதினாக் கட்டை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். “இதை நீயே வெச்சுக்க. மன்னிப்பு கின்னிப்புன்னு எங்கிட்ட எதுவும் கேட்டுடாத, எனக்கே தெரியல” என்று சொல்லிவிட்டு, தெருவைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் போனாள்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவள் வரவில்லை. சில்வானோ புதினாவைக் கட்டி எடுத்து வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு அதை அமான்ஸியோ கேட்டார். விற்றாகிவிட்டது என்றார் சில்வானோ. வடகாற்று நின்றிருந்தது, ஊர் படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மறுபடி பார்க்க ஒருவரும் தயாராக இல்லை. திட்டினவர்கள் வரமாட்டார்கள், அது புரிகிறது. புகழ்ந்தவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பெர்னார்தா அலுத்துவிட்டாள். புதன்கிழமை ஐந்து மணிக் காட்சியோடு பெட்டியைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை காலையும் எட்டு மணி சும்மா போனது. சில்வானோ அன்று இடித்ததெல்லாம் மருந்தா மண்ணா என்று அவருக்கே தெரியாது. லிபோரியோகூட இரண்டு தடவை, “உடம்பு சரியில்லையா கராய்? வண்டியில வீட்டுல விடட்டுமா?” என்று கேட்டான்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு டீச்சர் வந்தாள். சில்வானோவைப் பார்க்காமல் நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு டிக்கெட் இருந்தது.

“எழுந்திரு” என்றாள்.

கொட்டகையில் மொத்தம் ஐந்து பேர். அமான்ஸியோ மட்டும் கொள்கைக்காக வந்திருந்தார். பெர்னார்தா ஓடி வந்து, “டீச்சர், நீங்க ஏற்கெனவே பாத்தாச்சே. உங்களுக்காக வேணும்னா நடுவுல ரெண்டு ரீலை விட்டுட்டு ஓட்டச் சொல்றேன். ஒண்ணும் தெரியாது, நானே பாத்துட்டேன், ரெண்டுலயும் மணல்தான்” என்றாள்.

“ஒரு அடிகூட விடக் கூடாது, பெர்னார்தா.”

“சரி டீச்சர்” என்று மூன்றாம் வகுப்புப் பெண்ணைப் போலப் போய்விட்டாள் பெர்னார்தா.

விளக்கணைந்தது. மணல். டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“முள்ளு இவ்வளவு பெருசா இருக்குமா?”

“இதைவிடப் பெருசு.”

“நிழல் இருந்துச்சா?”

“கொஞ்சம். முறை வெச்சு உக்காருவோம். அவன் முறையை ரெண்டு தடவை எனக்குக் குடுத்தான்.”

எறும்பு பூட்ஸின் மேல் ஏறத் தொடங்கியது. இந்தத் தடவை கத்துவதற்கு யாரும் இல்லை.

“என்ன பேசுவீங்க?”

“முதல் நாள் பேசினோம். கடல் எப்படி இருக்கும்னு சொன்னான். எங்கள்ல ஒருத்தனும் கடலைப் பாத்ததில்ல. அவ்வளவு தண்ணி இருக்கும், ஒரு வாய் குடிக்க முடியாதுன்னான். நாங்க நம்பல. புளுகறான்னு சொல்லிச் சிரிச்சோம். அவனும் சிரிச்சான்.”

“அவன் சிரிச்சா கண்ணு மூடிக்கும்.”

“ஆமாம். மூடிக்குச்சு.”

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தொப்பி எப்படி, படுக்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான், காலில் புண் இருந்ததா, வீட்டைப் பற்றி என்ன சொன்னான், தங்கச்சி என்று ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னானா. சொன்னான் என்றார் சில்வானோ, குதிரைப் படம் நன்றாக வரைவாள் என்று சொன்னான். ஊரே கொட்டாவி விட்ட ஒவ்வொரு காட்சியிலும் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது, அவருக்கு ஒரு பதில் இருந்தது. இத்தனை பதில் தன்னிடம் இருப்பது சில்வானோவுக்கே அன்றுதான் தெரிந்தது. அறுபது வருஷமாக எட்டுத் தடவையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்ததில், அந்தப் பையனோடு சிரித்ததையெல்லாம் எங்கேயோ போட்டுவிட்டிருந்தார். அழுகை வந்தது, அழுதார், துடைத்துக்கொள்ளவில்லை.

குவளை சுற்றி வரத் தொடங்கியது. டீச்சர் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். குவளை வெளியூர்ப் பையனிடம் வந்தது. அவன் குடித்தான்.

“சொல்லாதடா” என்றாள் டீச்சர், திரையைப் பார்த்து, மெதுவாக. “வாயைத் திறக்காத.”

அவன் சொன்னான்.

அவள் கை நாற்காலியை விட்டுச் சில்வானோவின் மணிக்கட்டைப் பிடித்தது. ஊற்றின கை அது. ஆறுதலுக்குப் பிடித்தாளா, அடிக்க வந்து பிடித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கமாகப் பிடித்தாள், படம் முடிகிற வரைக்கும் விடவில்லை. லாரிக்காகக் காத்திருக்கும் அந்தக் கடைசிக் காட்சி, ஊரே சபித்த காட்சி, ஓடிக்கொண்டே இருந்தது. வெறும் பாதை, வெறும் வெயில், தூசிகூடக் கிளம்பவில்லை. கொள்கைக்காக வந்த அமான்ஸியோ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்ததும் பெர்னார்தா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். ஊரின் சார்பில் அவளே மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

“ரொம்பத்தான் இழுத்துட்டான் இல்ல டீச்சர்? பாதியா வெட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.”

டீச்சர் சில்வானோவின் பக்கம் திரும்பினாள். “லாரி வர்றதுக்கு நிஜத்துல எவ்வளவு நேரம் ஆச்சு?”

“மூணு நாள். அப்புறம் ஒரு காலை.”

அவள் பெர்னார்தாவைப் பார்த்தாள்.

“இல்லம்மா” என்றாள். “ரொம்ப சுருக்கிட்டாங்க.”